அண்ணன் கையில் இரண்டு தழும்புகள்

அண்ணன் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறானா என்று துறைமுகத்திலிருந்து ஒருவர் என்னிடம் போனில் கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

கேட்டவர் அண்ணனுக்கு மேலே இருந்த சூப்பர்வைசர். கப்பலிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கி இறக்கும் கிரேனை அண்ணன் ஓட்டினான். இருபது வருடத்துக்கு மேலாக அதே வேலை, ஒரு கீறல் விழுந்ததில்லை. அன்று காலை ஒரு பெட்டியைத் தூக்கியவன் பாதி வழியில் நிறுத்திவிட்டான். கீழே ஆட்கள் நிற்கிறார்கள், தலைக்கு மேலே பெட்டி தொங்கிக்கொண்டிருக்கிறது, வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை. ஒருவர் ஏறிப் போய்ப் பார்த்தபோது கைப்பிடியைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஞாபகம் வரவில்லை என்றானாம்.

“ஊதச் சொன்னோம் மேடம். மெஷின்ல ஒண்ணும் காட்டல. ஆனா இறங்கி வரும்போது நடை சரியில்ல. அவங்க வீட்டம்மாட்ட கேக்கச் சங்கடமா இருக்கு, அதான் உங்ககிட்ட. வீட்ல பழக்கம் உண்டா?”

“உண்டு சார்,” என்றேன். “கொஞ்ச நாளாவே சரியில்ல.”

அவர் பெருமூச்சு விட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

நான் தூத்துக்குடியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அறுவை அறைகளிலிருந்து வரும் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, முடியைவிட மெலிதாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டு டாக்டரிடம் கொடுப்பது என் வேலை. எந்த முடிவையும் நாங்கள் எங்கள் எண்ணத்துக்கு ஏற்ப மாற்றுவதில்லை. ஒன்றும் இல்லை என்று வந்தால் ஒன்றும் இல்லைதான். ஆனால் அன்று மெஷின் ஒன்றும் காட்டவில்லை என்று காதால் கேட்ட பிறகும் என் அண்ணன் குடிகாரன் என்றே சொன்னேன்.

அப்படிச் சொல்ல எனக்குக் காரணம் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக அவன் மாறிக்கொண்டிருந்தான். முதலில் கோபம். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். பிறகு கோபமும் போய்விட்டது. எது சொன்னாலும் சரி என்பான், எதையும் செய்யமாட்டான். மோட்டார் சைக்கிளை இரண்டு தடவை கீழே போட்டான். பெரிய கோவில் மாதா திருவிழாவில் தேர் வரும்போது கூட்டத்துக்கு நடுவே நின்று காரணமில்லாமல் அழுதான். எல்லோரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு ஆண் தள்ளாடினால் அதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. அவன் குடிக்காதவன் என்று சொல்லமுடியாது. சனிக்கிழமை நண்பர்களோடு உட்காருவான். அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

போன் வந்த வாரமே அவனை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தினார்கள். மைனி, அதாவது அண்ணன் மனைவி, என்னைத் தேடி லேபுக்கே வந்துவிட்டாள். உள்ளே வரத் தயங்கி மாடிப்படியில் நின்றாள்.

“ஏளா, எனக்கு இனிமே ஏலல. உங்க அண்ணன் படுத்தா எந்திரிக்க மாட்டுக்காரு. குளிக்கச் சொன்னா கதவப் பாத்துக்கிட்டு நிக்காரு. நீ ஆஸ்பத்திரி ஆளுங்க மத்தியில இருக்கவ. நீ சொல்லு, என்ன செய்ய?”

குடியை விடவைக்கும் இல்லம் ஒன்று கயத்தாறு தாண்டி இருக்கிறது என்று லேபில் யாரோ சொல்லியிருந்தார்கள். நம்பரை வாங்கிப் பேசியது நான். முதல் மூன்று வாரம் யாரும் பார்க்க வரக்கூடாது என்றார்கள். சரி என்றேன். ஆளைச் சொல்லாமல் கூட்டி வந்தால் நல்லது, சொன்னால் வரமாட்டார்கள் என்றார்கள். அதற்கும் சரி என்றேன்.

மைனியின் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம் என்று அவனிடம் சொன்னோம். அந்த வருடத்தில் முதல் தடவையாக அவன் தானாகவே சவரம் செய்துகொண்டான். வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டான். பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்றில் இருந்தன. காரில் ஏறும் முன் நான்தான் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டேன். குடித்தால் இப்படித்தான் ஆகும் என்று அப்போதும் நினைத்தேன். அவன் மூச்சில் பற்பசை வாசம் மட்டும்தான் இருந்தது.

புதியம்புத்தூர் தாண்டியதும் அவன் முன் சீட்டிலிருந்து கேட்டான்.

“ஏளா, மாப்பிள்ளை என்ன செய்யுதான்?”

“பேங்க்ல இருக்கான் அண்ணே,” என்றேன். ஒரு நொடி கூட ஆகவில்லை அதைச் சொல்ல.

இல்லத்தின் வாசலில் இரண்டு பேர் வந்து அவன் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். அவன் திமிறவில்லை. திரும்பி மைனியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் மகள் அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், வயிற்றில் கோளாறு என்று அவளிடம் சொன்னோம்.

பத்தொன்பதாம் நாள் இல்லத்திலிருந்து போன் வந்தது. ஆள் இரண்டு நாளாகப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், இடது கையைத் தூக்கவில்லை, முதலில் நடிக்கிறார் என்று நினைத்தோம், இப்போது வாயும் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது என்றார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதே வெள்ளைச் சட்டையில் ஒரு பாயில் கிடந்தான். பக்கவாதம் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இரண்டு நாளில் அவனை எழுந்து நிற்கச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, நடிக்கிறான் என்று அவர்கள் நினைக்கும்படி அவனை அங்கே கொண்டு போனது யார் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அந்தக் கோபத்தை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

திருநெல்வேலியில் முதலில் பார்த்து, அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் பார்த்த நரம்பியல் டாக்டர் ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர். மூளையின் படத்தை வெளிச்சத்தில் மாட்டி நெடுநேரம் பார்த்தார். நாற்பத்தாறு வயதுக்காரனின் மூளையில் இருபுறமும் வெள்ளையாகப் பரவியிருந்தது.

“சின்ன வயசுல தலைவலி வருமா இவருக்கு? வர்றதுக்கு முன்னால கண்ணுல ஏதாவது தெரியும்னு சொல்வாரா?”

எனக்கு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட நாட்களில், கண்ணுக்குள்ள மின்னுது, கோணல் மாணலா மின்னுது என்று சொல்லி இருட்டு அறையில் போய்ப் படுத்துக்கொள்வான். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான் என்போம்.

“உங்க அப்பா எப்படி இறந்தாங்க?”

“குடிச்சு,” என்று நானும் மைனியும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

“எவ்வளவு குடிப்பார்?”

அப்பா கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டியவர். அவருக்கு நாற்பத்தைந்து வயதானபோது இனித் தோணியில் ஏற்றமாட்டோம் என்று விட்டுவிட்டார்கள். நடக்கும்போது சுவரைப் பிடித்தார். பேச்சு குழறியது. வந்தவர் போனவர் முன்னால் சிரித்தார், அழுதார், உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்தார். ஐம்பத்தொரு வயதில் செத்துப்போனார். அவர் குடித்து நான் கண்ணால் பார்த்தது கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ், ஈஸ்டருக்கு ஒரு கிளாஸ். அதைத்தவிர எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் பதினேழு வயதில், வாசலில் விழுந்து கிடந்த அவரைத் தாண்டிக் காலெடுத்து வைத்து டியூஷனுக்குப் போனவள் நான். கடைசி இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். மூளைக்குள் இருக்கும் மிகச் சிறிய ரத்தக்குழாய்களின் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும் ஒரு நோய் உண்டு. அபூர்வமானது. தகப்பனிடமிருந்தோ தாயிடமிருந்தோ பிள்ளைக்கு வரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இளவயதில் தலைவலி, பிறகு குணமாற்றம், பிறகு சின்னச் சின்னப் பக்கவாதங்கள். ரத்தத்தில் மரபணுவைப் பார்த்தார்கள். ஒரு மாற்றம் இருந்தது, ஆனால் அது இந்த நோயைத் தரக்கூடிய மாற்றம்தானா என்று நிச்சயமில்லை என்று எழுதி வந்தது.

“அதனால தோலைப் பாத்துருவோம்,” என்றார் டாக்டர்.

மைனி குழம்பிப்போனாள். “மண்டைக்குள்ள நோய்னு சொல்லுதிய, தோலை எதுக்கும்மா?”

“அதே மாதிரிக் குழாய் உடம்பு பூரா ஓடுது. மூளையில இருந்து ஒரு துண்டு எடுத்துப் பாக்க முடியாது. கையில இருந்து எடுக்கலாம். அங்க கெட்டிருந்தா இங்கயும் அதுதான்.”

எனக்கு அப்போது ஏற்பட்டதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தோலைச் சீவிக்கொண்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கான பேருடைய தோல் என் கை வழியாகப் போயிருக்கிறது. அவனுடைய நோய் அவன் கைத்தோலிலேயே இருந்திருக்கலாம். அந்தக் கையைப் பிடித்துத்தான் காரில் ஏற்றினேன்.

மறுபடி மதுரைக்கு அலைய வேண்டாம், ஊரிலேயே ஒரு தோல் டாக்டரை வைத்து எடுத்து அனுப்பலாம் என்றார்கள். சாதாரணமாகத் தோல் துண்டை ஃபார்மலினில் போடுவோம். இதற்கு அது ஆகாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டியது என்பதால் வேறொரு திரவம், அதையும் குளிரில் வைத்திருக்க வேண்டும். அந்தத் திரவம் நிறைத்த சின்ன பாட்டிலைத் தூரத்து நகரத்து ஆய்வகம் ஐஸ் பெட்டியில் அனுப்பியது. லேப் ஃபிரிட்ஜில் மேல் தட்டில் நானே வைத்து, யாரும் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டினேன்.

எடுக்கும் நாளில் தோல் டாக்டரின் கிளினிக்கில் அண்ணன் படுக்கையில் சட்டையைத் தோள்வரை சுருட்டிக் கிடந்தான். தோல் டாக்டர் மேல்கையில் மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் முனை அளவு வட்டமாக வெட்டி எடுத்தார். இடுக்கியை என்னிடம் நீட்டினார். நான் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்த முகத்தில் எதுவும் இல்லை. பார்த்துக்கொண்டே துண்டை வாங்கி, என் கைக்குப் பழகிய பாட்டிலில் போட்டு மூடினேன். ஃபார்மலின்.

மூடியைத் திருகி முடித்த பிறகுதான் உறைத்தது. குளிர்ந்த பாட்டில் அதன் பக்கத்திலேயே திறக்காமல் இருந்தது.

ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். இதையும் அனுப்பலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது, இன்னொன்று எடுத்தால் நல்லது என்றார்கள். தோல் டாக்டர் என்னைப் பார்த்தார். அதற்குள் அண்ணன் சட்டைக்கையை நல்ல கையால் இழுத்து இறக்கிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, நான் மாத்திப் போட்டுட்டேன். இன்னொரு தடவ எடுக்கணும்.”

அவன் இறக்கிய சட்டையை மறுபடி மேலே சுருட்டினான். “எடுக்கச் சொல்லு,” என்றான். அவ்வளவுதான்.

வீணான முதல் துண்டை நானே மெழுகில் பதித்துச் சீவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துப் பார்த்தேன். எனக்கு அதைப் பார்க்க அதிகாரம் கிடையாது, பார்த்துச் சொல்லும் படிப்பும் கிடையாது. மேல்தோல், வியர்வைச் சுரப்பி, சின்னச் சின்ன வளையங்களாக ரத்தக்குழாய்கள். எல்லாம் மற்ற எல்லோருடையதையும் போலவே இருந்தன. சாதாரண மைக்ராஸ்கோப்பில் அது தெரியாமல் போகலாம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், ஒன்றும் இல்லாமல் இருந்துவிட வேண்டும் என்று ஜெபித்தேனா, ஏதாவது இருக்கவேண்டும் என்று ஜெபித்தேனா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்றும் இல்லை என்றால் அவன் குடிகாரன்தான் என்று ஆகும், நான் செய்தது சரி என்று ஆகும். அந்த எண்ணம் எனக்குள் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. ரத்தக்குழாய்ச் சுவரில், தசைச் செல்களை ஒட்டி, அந்த நோய்க்கே உரிய கருந்துகள்கள் படிந்திருக்கின்றன என்று எழுதி, படமும் வைத்திருந்தார்கள். டாக்டர் போனில் விளக்கினார். நோயை மாற்ற மருந்து இல்லை. ரத்த அழுத்தம் ஏறாமல் பார்க்கலாம், அடுத்த பக்கவாதத்தைத் தள்ளிப்போடலாம், கையை ஓரளவு பழக்கலாம். அண்ணனிடம் சொன்னபோது அவன் நெடுநேரம் யோசித்தான். இப்போதெல்லாம் எதற்கும் அவனுக்கு நேரம் கொடுக்க வேண்டும், காத்திருந்தால் பதில் வரும்.

“அப்ப அப்பாவுக்கும் இதுதானா?”

“இருக்கலாம்னு சொல்லுதாங்க.”

“அம்மாட்ட சொல்லியிருக்கலாம்,” என்றான். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயரோடுதான் போனாள்.

அடுத்த வாரம் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அண்ணன் வேலை பார்த்த கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். போனில் பேசிய சூப்பர்வைசரே இருந்தார். என்னைவிடச் சின்ன வயதுக்காரர். தாள்களைப் புரட்டினார், படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அண்ணனின் ஃபைலில் போதையில் பணிக்கு வந்தார் என்று எழுதியிருப்பதை எடுக்கவேண்டும், உடல்நலக் காரணம் என்று மாற்றவேண்டும் என்று கேட்டேன்.

அவர் குரலில் கோபமே இல்லை. “மேடம், மெஷின்ல வரலன்னு நான் எழுதாமத்தான் வச்சிருந்தேன். நீங்க சொன்ன பொறவுதான் எழுதினேன்.”

“தெரியும் சார். நான் சொன்னது தப்பு.”

“குடும்பத்தார் கூறியபடின்னு எழுதியிருக்கு.”

“அதே குடும்பத்தார் இப்ப தப்புன்னு சொல்லுதேன். எழுதித் தாரேன்.”

ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். விசாரிக்காமல் சொன்னேன், தவறாகச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலிடத்துக்கு அனுப்பி ஒரு மாதத்தில் மாற்றினார்கள். உடல்நலக் குறைவால் ஓய்வு என்று கடிதம் வந்தது. மைனி அதை பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

காரில் கூட்டிப்போனதைப் பற்றி அண்ணனிடம் பேச எனக்கு இன்னும் மூன்று மாதம் ஆயிற்று. அவனுக்கு இடது கையைப் பழக்க ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடத்திக் கூட்டிப்போய், பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு சுவரில் உட்கார வைத்துப் பந்தை அமுக்கச் சொல்வேன். அங்கே வைத்துச் சொன்னேன்.

“அண்ணே, மாப்பிள்ளை வீடுன்னு சொல்லி உன்ன கூட்டிட்டுப் போனது நாந்தான். மைனி இல்ல. எல்லாம் நான் பேசி வச்சது.”

பந்தை நான்கைந்து தடவை அமுக்கினான்.

“கயத்தாறு வரும்போதே எனக்குத் தெரிஞ்சுட்டு, மாப்பிள்ளை வீடு இல்லன்னு.”

“பொறவு ஏன் இறங்கல? ஏன் ஒண்ணும் சொல்லல?”

“எனக்கு என்னமோ ஆவுதுன்னு தெரிஞ்சுது. என்னன்னு சொல்லத் தெரியல.” வார்த்தைக்காக நின்றான். “நீ கொண்டு போறல்லா. ஆஸ்பத்திரி ஆளு. அங்கன போனா சரியாவும்னு நினைச்சேன்.”

அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான்.

தோலில் நிச்சயமான பிறகு, அண்ணனுக்கு இருந்த அதே மரபணு மாற்றம் மற்றவர்களுக்கு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க முடியும் என்றார் டாக்டர். கட்டாயம் இல்லை, தெரிந்துகொள்வதால் மாற்ற முடியாத விஷயம், யோசித்து முடிவெடுங்கள் என்றார். நான் ரத்தம் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்கு இருக்கும் என்று நம்பினேன். அது நியாயமாகவும் தோன்றியது.

எனக்கு இல்லை.

மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது சந்தோஷம் வந்தது, மறைக்க மாட்டேன். எட்டயபுரம் வரை ஜன்னல் காற்றில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்று நினைவு வந்தது.

மைனிதான் கதவைத் திறந்தாள். சொன்னேன். “நல்லதுளா. ஆண்டவருக்கு நன்றி,” என்று என் கையைப் பிடித்தாள். பிடித்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கு என்று குசினிக்குள் போனாள். போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பால் பொங்கும் சத்தமும் வரவில்லை. அவளுக்கு இருப்பது ஒரே மகள். அண்ணன் மட்டும் நல்ல கையை என் தலைமேல் வைத்துச் சிலுவை போட்டான்.

படிப்பு முடிந்து அவன் மகள் ஊருக்கு வந்தாள். இருபத்துமூன்று வயது. நோயைப் பற்றி அவளுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது, இல்லத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டுக்குத் தனியாக வந்தாள்.

“அத்தே, எனக்கு இப்ப டெஸ்ட் வேண்டாம். பொறவு எப்பவாவது தோணினா நானே சொல்லுதேன். அம்மாட்ட நீங்க பேசுங்க, என்ன நச்சரிக்க வேண்டாம்னு.”

“சரி. நான் பேசுதேன்.”

அவள் எழுந்திருக்கவில்லை. கைக்குட்டையை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாவுக்கு வயித்துல கோளாறுன்னு சொன்னீங்கல்லா, அப்ப அப்பா எங்க இருந்தாங்க? அம்மா சொல்ல மாட்டுக்காங்க. அப்பாட்ட கேட்டா சிரிக்காங்க.”

மைனியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் அவளை உட்காரச் சொல்லி, துறைமுகத்திலிருந்து வந்த போனிலிருந்து ஆரம்பித்தேன். மெஷின் ஒன்றும் காட்டாததையும், பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டதையும், பேங்க் மாப்பிள்ளையையும், பாயில் கிடந்த இரண்டு நாளையும் விடாமல் சொன்னேன். முடிந்ததும் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. கோவிலில் பார்த்தால் வேறு வரிசைக்கு நகர்ந்தாள். மைனி வருத்தப்பட்டாள், மகளைச் சமாதானப்படுத்த வேண்டாம் என்று நான் சொன்னேன். போன வாரம் அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அப்பாவின் பிரஷர் மாத்திரை மருந்துக்கடையில் இல்லையாம், வேறு கம்பெனி மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாள். டாக்டரிடம் கேட்டு, கொடுக்கலாம், அளவு மட்டும் மாறக்கூடாது என்று பதில் அனுப்பினேன். சரி அத்தே என்று வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.